ப்ராக் போட்டோவும் ஒரு அரியரும்

கேள்வி: எங்கள் ஒரே மகனுக்கு வயது 24. இங்கே பெங்களூரில் பி.இ. மெக்கானிக்கல் முடித்து ஒன்றரை வருடம் வேலை பார்த்தான். பிறகு வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து 18 லட்சம் கடன் வாங்கி, போன அக்டோபரில் ஜெர்மனியில் ட்ரெஸ்டன் நகரத்துக்கு எம்.எஸ். படிக்க அனுப்பினோம். போனதிலிருந்து ஊர் ஊராகச் சுற்றுகிறான். டிசம்பரில் ப்ராக், பிப்ரவரி கடைசியில் வியன்னா, ஈஸ்டருக்குப் பாரிஸ். எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமில் போடுகிறான். எங்கள் அபார்ட்மென்டில் பார்க்கிறவர்களெல்லாம் "உங்க பையன் ஜாலியா இருக்கான் போல" என்கிறார்கள். என் கணவர் ரிட்டையர் ஆனவர். அவருக்குத் தாங்கவில்லை. "படிக்க அனுப்பினோமா, ஊர் சுத்த அனுப்பினோமா" என்று போனில் கத்திவிட்டார். இருவருக்கும் இப்போது பேச்சே இல்லை. ஆகஸ்டில் மூன்று வாரம் இத்தாலி, ஸ்பெயின் என்று ரயிலில் போகப் போகிறானாம். முதல் செமஸ்டரில் ஒரு பாடத்தில் பெயில், அடுத்த தடவை எழுதிக்கொள்கிறேன் என்றான். இந்தப் பயணங்களை நிறுத்தச் சொல்லலாமா? எங்களுக்கும் ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. அது நடக்கிற காரியமா?
– ஒரு அம்மா, ஜீவன்பீமா நகர், பெங்களூரு

வெளிநாட்டுக் கல்வி ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி போட்டோக்களும் பயணங்களும்தான். பெயிலான பாடத்தைப் பற்றி ஒரே ஒரு வரி, அதுவும் போகிற போக்கில் வருகிறது. எனக்குக் கவலை அந்த ஒரு வரியில்தான். ஆனால் வீட்டில் பேச்சு நின்றுபோனது பயணத்தால் என்பதால் அதை முதலில் பேசிவிடலாம்.

ட்ரெஸ்டனிலிருந்து ப்ராக் சுமார் 150 கிலோமீட்டர். நம் ஊரிலிருந்து மைசூரு போகிற தூரம். நடுவில் ஒரு நாட்டு எல்லை வருகிறது, அவ்வளவுதான். நம் காதில் அது ஃபாரின் டூர் என்று விழுகிறது. அவனுக்கு அது சனிக்கிழமை காலை போய் ஞாயிறு ராத்திரி திரும்புகிற இடம். வெள்ளிக்கிழமை ராத்திரி மடிவாளாவில் போய் நின்று பாருங்கள். மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் பஸ் ஏறுகிற பிள்ளைகளில் பலர் திங்கள் காலை இறங்கி நேராக ஆபீஸ் போகிறவர்கள். ப்ராகைப்போல மூன்று நான்கு மடங்கு தூரம் போய்வருகிற அவர்களை யாரும் ஊர்சுற்றி என்பதில்லை.

அதோடு, அவன் போய் இறங்கியது அக்டோபரில். அதாவது நேராகக் குளிர்காலத்துக்குள். டிசம்பரில் அங்கே காலை எட்டு மணிக்குத்தான் வெளிச்சம் வரும், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை, துணிக்கடை எல்லாம் சட்டப்படியே மூடியிருக்கும். விடுதியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தால் நாலு முகம் பார்த்து வளர்ந்த பெங்களூர்ப் பையனுக்கு இது லேசானதில்லை. முதல் குளிர்காலத்திலேயே நொடிந்துபோய் போனில் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். நண்பர்களோடு பஸ் ஏறுகிறவனைப் பற்றி நான் பயப்பட மாட்டேன். போட்டோவும் போடாமல், போனும் எடுக்காமல் அறைக்குள்ளேயே கிடக்கிறவனை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

சரி, பணத்துக்கு வருவோம். விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டியிருப்பீர்கள். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டும்தான் அவன் கைக்கு வரும். ஆசைப்பட்டாலும் மொத்தத்தையும் ஒரே மாதத்தில் எடுத்துச் செலவழிக்க முடியாது. அந்த 992-இல் விடுதி வாடகை முந்நூறு, முந்நூற்றைம்பது போகும். மருத்துவக் காப்பீடு 140-க்கு மேல். சாப்பாட்டுக்கு இருநூறு, அப்புறம் போன், செமஸ்டர் கட்டணம், குளிருக்கு ஒரு கோட்டு. இதெல்லாம் போக மாதம் 200 யூரோ மிஞ்சினால் பையன் சிக்கனக்காரன் என்று அர்த்தம். ப்ராகுக்கு முன்கூட்டியே புக் செய்தால் பஸ் போக வர 30 யூரோ, ஹாஸ்டலில் ஒரு படுக்கை 25, சாப்பாடும் சேர்த்து 80 யூரோவுக்குள் முடித்துவிடலாம். ஜெர்மனிக்குள் சுற்றுவது இன்னும் மலிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே நாடு முழுவதும் செல்லும் ரயில், பஸ் டிக்கெட் சேர்ந்துவிடுகிறது. அதிவேக ரயில்களிலும் மற்ற நீண்ட தூர ரயில்களிலும் செல்லாது, உள்ளூர், வட்டார ரயில்கள் எல்லாம் சரி.

பாரிஸ் செலவு பிடிக்கிற ஊர்தான். ஆனால் ஐரோப்பாவில் குடியிருப்பு அனுமதி உள்ள, 26 வயதாகாதவர்களுக்கு லூவ்ர் போன்ற அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம். உங்கள் மகன் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போயிருப்பான். நீங்களும் உங்கள் கணவரும் இங்கிருந்து போனால் 2026 ஜனவரியிலிருந்து லூவ்ருக்கு ஆளுக்கு 32 யூரோ. ஐரோப்பா முழுக்கச் செல்லும் இன்டர்ரெயில் பாஸுக்கும் 27 வயது வரை இளைஞர் விலை. "கடனை அடைத்துவிட்டுச் சம்பாதித்துச் சுத்தட்டும்" என்பது நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்வது, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வயதில், இந்த அட்டையோடு சுற்றுவதுதான் மலிவு. மாதம் 992-க்கு மேல் நீங்கள் தனியாகப் பணம் எதுவும் அனுப்பவில்லை என்றால், இதுவரை போன மூன்று பயணங்களும் உங்கள் கடனைத் தின்றிருக்க வாய்ப்பில்லை.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் கணவர் படித்த காலத்திலும் சரி, உங்கள் மகன் இங்கே பி.இ. படித்தபோதும் சரி, அரியர் விழுந்தால் அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், அதிலும் போனால் அதற்கடுத்த முறை. அதனால்தான் அவன் சொன்னதும் நீங்கள் இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் கதை வேறு. ஒரு பாடத்துக்குப் பெரும்பாலும் மொத்தமே மூன்று வாய்ப்பு. அது கட்டாயப் பாடமாக இருந்து கடைசி வாய்ப்பிலும் தவறினால் படிப்பே போய்விடும். பெயரை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை வேறொரு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தொடரலாம் என்றால் பொதுவாக அந்த வழியும் அடைபட்டிருக்கும். படிப்பு போனால் மாணவர் அனுமதிக்கும் பிடிமானம் இல்லை. உங்கள் 18 லட்சத்துக்கு ஆபத்து எங்கே என்று கேட்டால், நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

நம் பிள்ளைகள் முதல் செமஸ்டரில் இடறுவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே பல பாடங்களுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது, கடைசியில் ஒரே தேர்வு, அதுதான் முழு மதிப்பெண். பெரும்பாலான விரிவுரைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுப்பதில்லை. நவம்பர், டிசம்பரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நேரம் கொட்டிக் கிடப்பதுபோல இருக்கும். பிப்ரவரியில் தேர்வுகள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டுப் போகாவிட்டால் அதுவும் பெயில்தான். குறித்த தேதிக்குள் பதிவை நீக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவர் சான்று தர வேண்டும். ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட், ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 30 மணி என்றே வைத்தால் செமஸ்டருக்கு 900 மணி நேரம். வகுப்பில் உட்காருவது அதில் ஒரு பங்குதான், மிச்சம் அவன் தானாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. மாதம் ஒரு வார இறுதி வெளியூர் போனால் இந்தக் கணக்கு இடிக்காது. எல்லா வார இறுதியும் போனால் இடிக்கும்.

முதல் செமஸ்டரில் ஒரு பாடம் போவது அபூர்வமில்லை, பதற வேண்டாம். ஆனால் கேட்க வேண்டும். எந்தப் பாடம், கட்டாயமா விருப்பப் பாடமா, இன்னும் எத்தனை வாய்ப்பு இருக்கிறது, மறுதேர்வு என்றைக்கு. வியன்னா போனது அந்தத் தேர்வுக்கு முன்பா பின்பா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியை அப்பா கேட்டால் மறுபடி சண்டை வரும், நீங்களே கேளுங்கள். மதிப்பெண் பட்டியலை டவுன்லோடு செய்து அனுப்பச் சொல்வதில் தப்பே இல்லை. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை பாஸ், 5.0 பெயில். 1.7 என்று பார்த்துவிட்டு உங்கள் கணவர் இன்னொரு முறை போனைத் தூக்கிவிடப் போகிறார், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

பயணத்தை நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். ஆகஸ்ட் பயணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். செப்டம்பரில் போகச் சொல்லுங்கள். கோடை செமஸ்டர் வகுப்புகள் ஜூலையில் முடிந்தாலும், தேர்வுகள் அங்கே ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நீளும். தவறிய பாடத்தின் மறுதேர்வும் அந்தச் சமயத்திலேயே வரக்கூடும். அடுத்த செமஸ்டர் வகுப்புகள் தொடங்குவது அக்டோபரில்தான் என்பதால் செப்டம்பர் முழுக்க அவனுடையது. தவிர, ஆகஸ்டில் இத்தாலியும் ஸ்பெயினும் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். பாதி ஐரோப்பா லீவு போட்டுவிட்டு அங்கேதான் போய் நிற்கும், ஹாஸ்டல் வாடகை ஏறிக் கிடக்கும். இதைச் சொன்னால் அவனே ஒத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

எந்தப் பயணமாக இருந்தாலும் தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஜெர்மன் ரயில் நிமிடம் தவறாது என்பது பழைய கதை. 2024-இல் அவர்களுடைய நீண்ட தூர ரயில்களில் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். நம் சதாப்தி தேவலை.

அட்டை, காகித விஷயங்களில் நம் பிள்ளைகள் அலட்சியமாக இருக்கிறார்கள். இங்கிருந்து போகும்போது பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவுக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அதற்குள் குடியிருப்பு அனுமதி அட்டை கைக்கு வந்துவிட்டதா என்று கேளுங்கள். பல ஊர்களில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. இடையில் ஒரு தற்காலிகச் சான்று தருவார்கள். அதை வைத்துக்கொண்டு ஜெர்மனியை விட்டு வெளியே போய்த் திரும்பலாமா என்பது அந்தச் சான்றில் சட்டத்தின் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் எல்லை தாண்டக்கூடாது. "அப்ளை பண்ணிட்டேன்" என்ற ஈமெயிலை நம்பி ப்ராக் பஸ் ஏறுவது முட்டாள்தனம். 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையை மறுபடி கொண்டுவந்தது. நடுராத்திரி பஸ்ஸை நிறுத்தி போலீஸ் ஏறும்போது போனில் இருக்கிற போட்டோகாப்பி செல்லாது, பாஸ்போர்ட்டும் அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும்.

அட்டை இருந்தால், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் என்கிற ஐரோப்பிய நாடுகள் 29-க்குள், ஜெர்மனிக்கு வெளியே எந்த 180 நாளிலும் 90 நாள் வரை தங்கலாம். லண்டன், டப்ளின் இதில் சேராது, அவற்றுக்குத் தனி விசா. அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தால் அந்தக் கார்டின் பின்பக்கமே ஐரோப்பிய மருத்துவ அட்டை. செக், ஆஸ்திரியா, இத்தாலி, ஸ்பெயினில் அது செல்லும். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க்கில் செல்லாது. மாணவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. பனிச்சறுக்கு விளையாடப் போய்க் காலை உடைத்துக்கொண்டால், சுவிஸ் ஆஸ்பத்திரி பில் ஒரு வருடப் படிப்புச் செலவை விழுங்கிவிடும். சில யூரோவுக்குத் தனிப் பயணக் காப்பீடு கிடைக்கிறது.

அட்டையைப் புதுப்பிக்கும்போது அடுத்த ஆண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று மறுபடி காட்ட வேண்டியிருக்கும். படிப்பு ஒழுங்காக நகர்கிறதா என்றும் பார்ப்பார்கள். வங்கி தரும் கடனின் இரண்டாம் தவணை எந்த மாதம் கைக்கு வருகிறது என்பதை இப்போதே வங்கியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வாழ்நாள் உழைப்பில் கட்டிய வீட்டின் பத்திரம் வங்கியில் கிடக்கும்போது ஈஃபில் கோபுரத்தைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். அவருக்கு ஒரு யோசனை. படிக்கும் காலத்திலும் அதன் பிறகு ஆறு மாதமோ ஒரு வருடமோ தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொன்னாலும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 18 லட்சத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்தால் மாதம் 15,000 ரூபாய். யூரோ நூறு ரூபாயைத் தொட்டுவிட்ட இந்த நாளில் அது சுமார் 150 யூரோ. மாணவர்கள் அங்கே வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2026-இல் மினி ஜாப் என்கிற சிறு வேலையில் மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கலாம். "நீ எங்கே வேண்டுமானாலும் போ, மாத வட்டியை மட்டும் நீ கட்டு" என்று அப்பா சொன்னால் அதில் மரியாதை இருக்கிறது, பையனுக்கும் பொறுப்பு வரும். ஆனால் அதை இப்போதே சொல்ல வேண்டாம். மறுதேர்வு முடியட்டும். ஏற்கெனவே ஒரு பாடத்தில் இடறியவனை வேலைக்கும் துரத்தினால் இரண்டாவது பாடமும் போகும். வேலை தேடும்போது பல்கலைக்கழகத்துக்குள்ளேயே ஆய்வு உதவியாளர் வேலையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அந்த நாட்கள் 140 நாள் கணக்கில் சேராது. டெலிவரி கம்பெனிகள் சில "நீங்கள் சுயதொழில் செய்பவர்" என்று கையெழுத்து வாங்கப் பார்க்கும். மாணவர் அனுமதியில் தனி ஒப்புதல் இல்லாமல் சுயதொழில் கூடாது.

அப்பாவும் மகனும் மறுபடி பேசத் தொடங்க ஏதாவது சாக்கு வேண்டும் என்றால், ட்ரெஸ்டனிலிருந்து உள்ளூர் ரயிலில் போகிற தூரத்தில் புல்ஸ்நிட்ஸ் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் படித்து, 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த சீகன்பால்க் பிறந்த ஊர் அது. அவர் படித்த ஹாலே நகரத்து ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன. ஹாலேவும் மாணவர் டிக்கெட்டிலேயே போய்வரக்கூடிய ஊர்தான். உங்களுக்குக் கோயில் வேண்டுமென்றால் ஹாம் நகரத்தில் இலங்கைத் தமிழர்கள் கட்டி 2002-இல் குடமுழுக்கு செய்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, தேர் ஓடுகிறது. ட்ரெஸ்டனிலிருந்து அது தூரம், ஒரு நாளில் போய்த் திரும்ப முடியாது. அப்பா ஒரு இடத்தைச் சொல்லி "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுடா" என்றால் போதும், அங்கிருந்து பேச்சு தானாக வரும்.

கடைசியாக உங்கள் ஆசை. நடக்கிற காரியம்தான். உங்களுக்கு வேண்டியது குறுகிய கால ஷெங்கன் விசா. கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, அதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், பெங்களூரிலேயே கொடுக்கலாம். கோடைக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது கஷ்டம் என்பதால் அடுத்த மே மாதம் போவதாக வைத்துக்கொண்டு ஜனவரி, பிப்ரவரியிலேயே தேடத் தொடங்குங்கள். மே மாதம் குளிரும் இருக்காது, அவனுக்குத் தேர்வும் இருக்காது. டிசம்பரில் ட்ரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தை பிரமாதம், 1434 முதல் நடக்கிறது. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தக் குளிரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். செலவை அவன் ஏற்பதாக உறுதிமொழி தருவது, வருமானமில்லாத மாணவன் என்பதால், எடுபடாது. உங்கள் வங்கிக் கணக்கின் கடைசி சில மாத விவரமும், உங்கள் கணவரின் பென்ஷன் தாள்களும், அவன் எழுதும் அழைப்புக் கடிதமும் வைத்து விண்ணப்பியுங்கள். விமான டிக்கெட்டுக்கு விண்ணப்பத்தோடு ரிசர்வேஷன் காட்டினால் போதும், விசா கைக்கு வந்த பிறகு பணம் கட்டுங்கள்.